ஒரு சொல் மட்டும் புரிந்தது

சுற்றுலா என்று போனால் நான் டூர் பஸ்ஸில் ஏற மாட்டேன். மேல்தளம் திறந்த பஸ்ஸில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, யாரோ சொல்லச் சொல்ல இடதும் வலதுமாகக் கழுத்தைத் திருப்பும் கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு உள்ளூர ஒரு இளக்காரம் உண்டு. ஊரைப் பார்ப்பதென்றால் நடந்து பார்க்க வேண்டும், செருப்பு தேய வேண்டும், இரண்டு தடவையாவது வழி தவற வேண்டும் என்று எத்தனையோ பேரிடம் பிரசங்கம் செய்திருக்கிறேன். போன அக்டோபரில் போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பனில் நாலு நாள் நடந்ததற்கு அப்புறம் அந்தப் பிரசங்கத்துக்கு வாய் வருவதில்லை. நடக்கிற ஆசை அப்படியேதான் இருக்கிறது. நடக்கிறவள் என்ற கர்வம்தான் எங்கேயோ இடறி விழுந்துவிட்டது. விழுந்த இடம் அந்த ஊரின் பழைய பகுதியான அல்ஃபாமாவில் ஒரு சந்து. அதன் பெயரைக்கூட நான் பார்த்து வைத்துக்கொள்ளவில்லை.

என் தங்கை நெதர்லாந்தில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு லிஸ்பன் என்றால் டிக்கெட் மலிவு, வெயில் இருக்கும், மீன் கிடைக்கும், அவ்வளவுதான். எனக்கு வேறு காரணம் இருந்தது. நாங்கள் தூத்துக்குடி. பள்ளிக்கூடத்தில் டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுத்தால் பெர்னாண்டோ, மச்சாடோ, கோஸ்தா, கோமஸ் என்று வரிசையாக வரும். அந்தப் பெயர்கள் எங்களுக்கு முருகன், சுப்பையா மாதிரி உள்ளூர்ப் பெயர்கள். அவை வேறொரு ஊரிலிருந்து கப்பலேறி வந்தவை என்பது எட்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடம் வரைக்கும் எனக்கு உறைக்கவே இல்லை. அந்த வேறொரு ஊரை ஒரு தடவை காலால் மிதித்துப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. வண்டியே ஏறுவதில்லை என்று தங்கையிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். மார்த்திம் மொனீஸ் சதுக்கத்தில் 28-ஆம் நம்பர் டிராமுக்கு நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் அவளே சத்தியத்தைப் புதுப்பித்துக்கொண்டாள்.

லிஸ்பனைக் கண்ணுக்கு முன்னால் கால்தான் தெரிந்துகொள்ளும். நடைபாதை முழுக்க உள்ளங்கையில் அடங்கும் சின்னச் சின்னச் சுண்ணாம்புக் கற்களைப் பாவியிருக்கிறார்கள். வெள்ளைக் கல்லுக்கு நடுவே கறுப்புக் கல்லை வைத்து அலை, கொடி, நட்சத்திரம் என்று கோலம். கல்சாதா என்று பேர். பேரில் 'கல்' இருப்பது தற்செயல்தான், ஆனாலும் எனக்கு சந்தோஷமாக இருந்தது. 1842-ல் மலைமேல் இருக்கும் சாவ் ஜோர்ஜ் கோட்டையில் கைதிகளை வைத்துப் போட்ட கோலத்தில் ஆரம்பித்த மோகமாம் இது. சில வருஷத்திலேயே ரோசியோ சதுக்கம் முழுவதும் கறுப்பும் வெள்ளையுமாக அலைகள் விரித்துவிட்டார்கள். தரை சமம் என்று தெரிந்தும் அந்த அலைமேல் கால் வைக்க ஒரு கணம் தயக்கம் வரும். ஒரு தெருமுனையில் பழுது பார்த்துக்கொண்டிருந்தார் ஒருவர். குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, இடது கையில் கல்லை ஏந்தி, வலது கைச் சுத்தியலால் இரண்டே தட்டு. சில்லு தெறித்ததும் கல் தன் இடத்தில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. கால் மணி நேரம் நின்று பார்த்தோம். நூற்றைம்பது வருஷமாக ஆட்கள் நடந்து நடந்து வழுவழுப்பான கல், லேசாகத் தூறினால் எண்ணெய் தடவினதுபோல் ஆகிவிடும் என்பதை அன்று சாயங்காலம் சியாதோ இறக்கத்தில் உட்கார்ந்து எழுந்துதான் தெரிந்துகொண்டேன்.

கீழ்நகரமான பைஷாவில் தொந்தரவு இல்லை. நேர்நேராகத் தெருக்கள், ஒரே உயரத்தில் கட்டடங்கள், சதுரங்கப் பலகை மாதிரி. 1755 நவம்பர் 1, எல்லாப் புனிதர்களுக்குமான திருநாள். காலை ஒன்பதரைக்கு மேல், கோயில்களில் கூட்டம் நிறைந்து மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்த நேரத்தில் பூமி குலுங்கியது. ஆற்றங்கரைக்கு ஓடினவர்களை அலை வந்து எடுத்துக்கொண்டது. மிச்சத்தை நாள்கணக்கில் எரிந்த தீ தின்றது. 2004-ஐப் பார்த்த கடற்கரைக்காரர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. பின்னால் பொம்பால் பிரபு என்று பட்டம் பெற்ற அமைச்சர்தான் இந்தச் சதுரங்கப் பலகையை எழுப்பினார். சுவருக்குள் மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோர்த்து, குலுங்கினாலும் பிரிந்துபோகாத ஒரு கூண்டு. மாதிரிக்கு ஒன்று செய்து, அதைச் சுற்றிச் சிப்பாய்களைக் கால் உதைத்து நடக்கவிட்டு அதிர்ச்சி தாங்குகிறதா என்று பார்த்தார்கள் என்பார்கள். நடந்து சோதித்த ஊர் என்று தங்கையிடம் பெருமையாகச் சொன்னேன். ராஜா முதலாம் ஜோசேக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. அதற்குப்பின் கல் கூரைக்குக் கீழே தூங்க மாட்டேன் என்று அஜூதா மேட்டில் மரத்தாலும் துணியாலும் போட்ட கொட்டகை அரண்மனையிலேயே ஆயுளைக் கழித்துவிட்டார்.

மேலே கார்மோ மடத்தில் அந்தக் காலைப்பொழுதை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். கூரை இல்லை, வளைவுகள் மட்டும் மீன்முள் மாதிரி வானத்தில் நிற்கின்றன. ரோசியோ பக்கத்தில் சாவ் தொமிங்கோ கோயில் 1959-ல் தீப்பிடித்தது, வெந்து வெடித்த தூண்களைப் பூசாமலே விட்டுவிட்டார்கள். அந்தக் கோயில் வாசலில்தான் 1506-ல் கட்டாய மதமாற்றத்துக்கு ஆளான யூதர்களைக் கூட்டம் வெட்டத் தொடங்கியது. சதுக்கத்தில் அதற்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு வாய் கொள்ளும் கோப்பையில் செர்ரி மது குடித்துக்கொண்டு நின்ற கூட்டத்தில் நாங்களும் இருந்தோம். பெலெமுக்கு ஆற்றோரமாகவே ஆறேழு கிலோமீட்டர் நடந்தோம். அங்கே இருக்கும் வாஸ்கோ ட காமாவின் கல்லறை முன்னால் என்னவெல்லாமோ தோன்றும் என்று எதிர்பார்த்துப் போனேன். கால் வலி தவிர ஒன்றும் தோன்றவில்லை.

வீட்டுச் சாமான்கள்

இரண்டாம் நாள் ஒரு விளையாட்டு ஆரம்பித்தோம். தமிழில் நாம் புழங்கும் போர்த்துக்கீசியச் சொல்லை யார் முதலில் பலகையிலோ பேச்சிலோ கண்டுபிடிக்கிறார்களோ அவளுக்கு ஒரு யூரோ. தங்கியிருந்த வீட்டில் துவைத்து மடித்துவைத்த துண்டுகளுக்குமேல் 'துவால்யா' என்று சீட்டு. துவாலை, எனக்கு ஒன்று. சாப்பாட்டுக் கடைக்காரர் 'மேசா' காலியில்லை என்றார், தங்கைக்கு ஒன்று. பைஷாவில் செருப்புத் தைப்பவர்கள் பேரில் ஒரு தெருவே இருக்கிறது, சப்பதேய்ரோஸ் தெரு. இலங்கைத் தோழி ஒருத்தி ஷூவுக்குச் சப்பாத்து என்பாள், அவள் கணக்கில் அதையும் எழுதிக்கொண்டேன். உணவுப் பட்டியலில் வாத்துச் சோறு 'பாத்து' என்று இருந்தது. அலமாரி, பீப்பாய், பொத்தான், கோப்பை, கொய்யா, அன்னாசி என்று மத்தியானத்துக்குள் இருவருக்கும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு யூரோ தேறிவிட்டது. சாவிக்கு மட்டும் ஒரு தகராறு. லிஸ்பன்காரர்கள் இப்போது அதை 'ஷாவ்' என்கிறார்கள். பதினாறாம் நூற்றாண்டில் அந்த எழுத்தை அவர்கள் 'ச்ச' என்றுதான் உச்சரித்தார்கள். அவர்கள் தொலைத்த ஓசை நம்மிடம் பத்திரமாக இருக்கிறது, அதனால் எனக்கு இரண்டு யூரோ என்று வாதாடி வாங்கினேன்.

ஒரு பட்டியலாகப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. முக்கால்வாசியும் வீட்டுக்குள் இருக்கும் பொருள்கள். கோட்டை, பீரங்கி, வரி எல்லாவற்றோடும் வந்தவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டது ஜன்னல், சாவி, மேசை, அலமாரி, துவாலை. ஜன்னலுக்கு நம்மிடம் சாளரம், பலகணி, காலதர் என்று அழகழகான சொற்கள் இல்லாமல் இல்லை. ஆனால் எங்கள் ஆச்சி ஒருநாளும் சாளரத்தைச் சாத்து என்று சொன்னதில்லை.

எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடந்திருக்கிறது. 1554-ல் இதே லிஸ்பனில் ஒரு சின்ன ஜெபப் புத்தகம் அச்சானது. தமிழை ரோமன் எழுத்தில் கோர்த்து, கூடவே போர்த்துக்கீசியம். தமிழ் எழுத்திலேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாவதற்கு 24 வருஷத்துக்கு முந்தையது. முத்துக்குளித்துறைக் கிறிஸ்தவர்களுக்காகச் செய்த புத்தகம். விசென்த் த நசரேத், ஜோர்ஜ் கர்வாலியோ, தோமா த குரூஸ் என்று மூன்று இந்தியர்கள் இங்கே உட்கார்ந்து அதைத் தயாரித்தார்கள். அந்த மூவரும் இந்த மேடுகளில் ஏறி இறங்கியிருப்பார்கள், குளிருக்கு நடுங்கியிருப்பார்கள், அச்சாபீஸில் ஒரு தமிழ்ச் சொல்லின் ஓசையை எந்த எழுத்தில் எழுதுவது என்று சண்டை போட்டிருப்பார்கள் என்று நான் வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தேன். "அக்கா, படியைப் பார்த்து ஏறு" என்றாள் தங்கை.

அல்ஃபாமா

பூகம்பத்துக்குத் தப்பித்த மேடு அல்ஃபாமா. கீழ்நகரம் ஆற்று வண்டல் மேல் நின்றது, இது கெட்டிப் பாறைமேல். அரேபியர் காலத்துப் பேர், வெந்நீர் ஊற்று என்று அர்த்தம். இங்கே செல்போன் வரைபடம் வாயை மூடிக்கொள்ளும். நேராகப் போ என்று அது சொல்லும் இடத்தில் நாற்பது படி இருக்கும், படி முடியும் இடத்தில் யாரோ ஒருவரின் சமையலறைக் கதவு இருக்கும். பேக்கோ என்றால் முட்டுச்சந்து, ஆனால் பல பேக்கோக்கள் முட்டாமல் இன்னொரு பேக்கோவில் போய்த் திறக்கும். ஒரு சந்தில் இரண்டு கையையும் மடக்கி விரித்தாலே இரண்டு பக்கச் சுவரும் இடித்தது. தலைக்குமேல் கொடிக்கயிறுகளில் துணி காய்ந்தது. கருவாடு வாசனை மாதிரி ஒன்று வந்து, கிட்டப் போனால் சார்டின் மீன் சுடும் வாசனை. நம்ம ஊர் சாளைதான். பழைய காலத்தில் மீன்காரிகள் வெறுங்காலோடு தலையில் கூடை வைத்து இந்தப் படிகளில்தான் ஏறுவார்களாம். ஒரு பாட்டி வீட்டு வாசலில் ஸ்டூல் போட்டு செர்ரி மதுவை விற்றுக்கொண்டிருந்தார். நான் நினைத்தே பார்க்காத ஒன்று, ஆட்டோ. ஆமாம், நம்ம ஆட்டோவேதான், துக்துக் என்று சொல்கிறார்கள், சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு சாந்தா லூசியா மேட்டுக்குத் திணறி ஏறுகிறது. அதில் உட்கார்ந்திருந்தவர்களை நான் எந்த முகத்தோடு பார்த்தேன் என்று உங்களுக்குத் தெரியும்.

மூன்றாம் நாள், சாயங்காலம் நாலு மணி இருக்கும். சாவ் மிகேல் கோயிலுக்குப் பின்னால் எங்கேயோ ஒரு சந்து. ஆள் நடமாட்டம் இல்லை. ஒரு வீட்டின் கீழ்த்தள ஜன்னல் என் நெஞ்சு உயரத்தில் இருந்தது. பச்சை பெயிண்ட் உதிர்ந்த மரக் கதவுகள், பாதி உயரத்துக்கு லேஸ் திரை. வெளியே ஒரு சின்னக் கொடியில் இரண்டு பனியன், ஒரு சமையல் துணி, ஜோடி இல்லாத ஒரு காலுறை. நீலப் பூப்போட்ட ஓடு பதித்த சுவரில் சாய்வெயில் விழுந்து, அந்த நீலம் துணிகளின் மேலும் லேசாக ஏறியிருந்தது. உள்ளே டிவி ஓடும் சத்தம். நான் செல்போனை எடுத்தேன். இப்போது சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, உள்ளே ஆள் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. டிவி சத்தம் காதில் விழுந்தும் தோன்றவில்லை. எனக்கு அது ஒரு சுவர், ஒரு வெயில், ஒரு நீலம். படம் விழுந்த பிறகுதான் திரையில் பார்த்தேன், லேஸ் திரைக்கு மேலே இருட்டுக்குள் ஒரு முகம். ஒரு வயதான அம்மா முழங்கையை ஜன்னல் விளிம்பில் ஊன்றி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை நேரமாகவோ.

அவர் ஏதோ சொன்னார். எட்டு ஒன்பது சொற்கள் இருக்கும். சத்தம் போடவில்லை. சிரிக்கவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசும் குரலில், அவசரமில்லாமல். அந்த வாக்கியத்தின் நடுவில் 'ஜனேலா' என்று ஒரு சொல் வந்தது. மற்றது எதுவும் புரியவில்லை. அது மட்டும் புரிந்தது. நான் பல்லைக் காட்டி 'ஒப்ரிகாதா' என்றேன், நன்றி என்று. அவர் இன்னும் ஒரு கணம் பார்த்தார். அப்புறம் இடது கதவை இழுத்தார், வலது கதவை இழுத்தார். உள்ளே கொக்கி விழும் சத்தம் கேட்டது. டிவி சத்தம் நின்றுபோனது மாதிரி அமுங்கியது.

அவர் இடது கதவை இழுத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில் நான் என்ன செய்தேன் என்பதைத்தான் இத்தனை நாளாக யாரிடமும் சொல்லவில்லை. படிக்குக் கீழே நின்ற தங்கையைப் பார்த்துத் திரும்பி, "ஜனேலான்னாங்க! கேட்டியா? எனக்கு ஒரு யூரோ!" என்றேன்.

தங்கை சிரிக்கவில்லை. "அக்கா, அவங்க ஜன்னலைச் சாத்திட்டாங்க" என்றாள்.

அன்று ராத்திரி முழுக்க அதைப் பற்றியே பேச்சு. அவளுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. "வெயில் முகத்துல அடிச்சிருக்கும், சாத்தியிருப்பாங்க. இல்ல, டிவி சரியா கேட்டிருக்காது." சரி, இருக்கலாம். நான் விடாமல் புலம்புவதைப் பார்த்து அவளுக்குக் கோபம் வந்தது. "ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாடி அவங்க ஆளுங்க யாரைக் கேட்டுட்டு நம்ம ஊருக்கு வந்தாங்க? நீ ஒரு பனியனைப் படம் பிடிச்சதுக்கு இப்படி உருகுற." சாமர்த்தியமான பதில்தான், நானும் சிரித்துவிட்டேன். ஆனால் பனியன் காயப்போட்டிருந்த அந்த அம்மாவிடம் நான் வாஸ்கோ ட காமாவின் கணக்கைத் தீர்க்கப் போகவில்லை. அழகாக இருந்தது, எடுத்தேன். அவ்வளவுதான். அழகாக இருப்பதெல்லாம் எடுத்துக்கொள்ளலாம் என்பது எனக்கு எங்கிருந்து வந்தது?

ஆச்சி ஞாபகம் வந்தது. நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது ஒரு வெள்ளைக்காரர் எங்கள் தெருவில் நடந்து வந்தார், கழுத்தில் பெரிய கேமரா. மாதா கோயிலைப் பார்க்க வந்து வழி தவறியவர். ஆச்சி வாசலில் பாயை விரித்து வற்றல் காயவைத்துக்கொண்டிருந்தார். அவர் கேமராவைக் காட்டிச் சைகையால் கேட்டார். ஆச்சி முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, நெற்றி முடியை ஒதுக்கி, போலீஸ் ஸ்டேஷனில் நிற்பதுபோல் விறைப்பாக நின்று கொடுத்தார். அதற்கப்புறம் சாகிறவரை, தபால்காரர் வந்தால் ஒரு கேள்வி உண்டு. "அந்த வெள்ளக்காரன் என் படத்தை அனுப்புனானாடா?" அந்த மனுஷர் எங்கள் முகவரியையே கேட்கவில்லை என்று நாங்கள் யாரும் ஆச்சியிடம் சொன்னதில்லை. ஆக, லிஸ்பன் அம்மா சொன்னது 'என் ஜன்னலைப் படம் எடுக்காதே' என்பதாகவும் இருக்கலாம். 'ஜன்னலை எடுத்தாயே, என்னை எடுத்தாயா, காட்டு' என்பதாகவும் இருக்கலாம். நன்றி சொல்லிவிட்டுப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றவளிடம் வேறென்ன பேச, என்று சாத்தியிருக்கலாம். இரண்டில் எது என்று எனக்குத் தெரியாது. எது இன்னும் மோசம் என்றும் தீர்மானிக்க முடியவில்லை.

மறுநாள் காலை தேடிக்கொண்டு போனோம். போய் என்ன செய்வது என்ற யோசனை கிடையாது. மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியத்தைச் செல்போனில் மொழிபெயர்த்து மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். சந்து கிடைக்கவில்லை. பச்சை ஜன்னல் பத்து இடத்தில் இருந்தது, நீல ஓடு இருபது இடத்தில். கடைசியில் அந்தப் படத்தையே திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் நின்று, படத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தேன், மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவள் மாதிரி. ஒரு வீட்டு மாடியிலிருந்து ஓர் ஆள் எட்டிப் பார்த்தார். அவர் கண்ணில் நான் என்னவாகத் தெரிந்திருப்பேன் என்று யோசித்ததும் செல்போனைப் பைக்குள் போட்டேன். கீழே ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்தோம். கொஞ்சம் ஆங்கிலம் பேசின பையனிடம் நடந்ததைச் சொன்னேன். ஜனேலா என்றால் ஜன்னல் என்று பொறுமையாக விளக்கினான். அது தெரியும், அந்த வாக்கியத்தில் மிச்சம் என்னவாக இருக்கும் என்று கேட்டேன். தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டான். நல்ல பையன். வேறென்ன சொல்ல முடியும்?

சாவிப் பெட்டி

திரும்பி வரும்போதுதான் நாங்கள் தங்கியிருந்த வீட்டு வாசலைச் சரியாகப் பார்த்தேன். மூன்று நாளாக ஏறி இறங்கின வாசல். கதவு பக்கத்தில் கண்ணாடி மாதிரி ஒரு தகடு, அதில் நீலத்தில் ஏ.எல். என்று இரண்டு எழுத்து. சுற்றுலாக்காரர்களுக்குக் குறுகிய நாளுக்கு விடும் வீடு என்று அடையாளம். கைப்பிடிக் கம்பியில் எண்களைத் திருப்பித் திறக்கும் சின்னச் சின்ன இரும்புப் பெட்டிகள் வரிசையாகத் தொங்கின, ஏழோ எட்டோ. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சாவி. வீட்டுக்காரரை நாங்கள் பார்க்கவே இல்லை. நாலு எண்களைக் குறுஞ்செய்தியில் அனுப்பியிருந்தார், அவ்வளவுதான். அந்தச் சந்தில் எத்தனை கதவுக்கு அந்தத் தகடு இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே கீழே வரை நடந்தேன். தகடில்லாத கதவை எண்ணியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும்.

பல வருஷமாக உயராமல் இருந்த பழைய வாடகைகளை 2012-ல் சட்டம் தளர்த்தியது. 2014-ல் குறுகிய நாள் வாடகைக்கு என்று தனி விதிகள் வந்தன. அதோடு சேர்ந்து சுற்றுலாவும் பெருத்தது. நகராட்சி 2018-ன் கடைசியில் அல்ஃபாமா, மௌராரியா மாதிரி பகுதிகளில் புது உரிமம் கொடுப்பதை நிறுத்தியது. அதற்குள் பலர் மேட்டை விட்டு இறங்கியிருந்தார்கள். மௌராரியாவில் ஒரு சந்தின் சுவர்களில் அந்தப் பகுதிப் பெரியவர்களின் முகங்களைக் கறுப்பு வெள்ளைப் படங்களாகப் பதித்திருப்பதை முதல் நாள் பார்த்தபோது, எவ்வளவு அழகு என்று அவற்றையும் படம் எடுத்திருந்தேன். படத்தைப் படம்.

டூர் பஸ்காரர்களைப் பற்றி இங்கேதான் எனக்குக் குழப்பம் வருகிறது. அந்த பஸ் இந்தச் சந்துக்குள் நுழையவே முடியாது. அதில் போகிறவர்கள் ஆற்றோரமாகச் சுற்றிவிட்டு, சாயங்காலம் பெரிய ஓட்டலில் போய்ப் படுத்துக்கொள்கிறார்கள். யாருடைய ஜன்னலுக்கும் நேரே அவர்கள் நெஞ்சு வருவதில்லை. ஊருக்குள் தங்க வேண்டும், உள்ளூர்க்காரர் மாதிரி இருக்க வேண்டும், காலையில் ரொட்டிக் கடைக்கு நடந்து போக வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஓர் உள்ளூர்க்காரர் இருந்த இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டவள் நான். வாசலில் ஸ்டூல் போட்டு மது விற்ற பாட்டிக்கு என்னால் ஒன்றரை யூரோ கிடைத்தது உண்மை. கல் பாவுகிறவரின் வேலையைக் கால் மணி நேரம் மதித்து நின்றதும் உண்மை. நடக்காதவர்களுக்கு இது இரண்டும் வாய்த்திருக்காது. ஆனால் அந்த இரண்டையும் அந்த ஜன்னலையும் ஒரே தராசில் வைக்க எனக்குத் தெரியவில்லை. தங்கை சொல்கிறாள், இனிமேல் ஓட்டலில் ரூம் போடு, பிரச்சினை முடிந்தது. பாதிதான் முடியும் என்று நினைக்கிறேன். கால் அப்போதும் அந்தச் சந்துக்குத்தான் போகும்.

படம் இன்னும் செல்போனில் இருக்கிறது. அழிக்கலாம் என்று இரண்டு தடவை விரலை வைத்தேன். அழித்தால் அந்த அம்மாவின் முகமும் போய்விடும். ஆச்சியின் படம் யாரோ ஒருவர் வீட்டு அட்டைப்பெட்டியில் இருக்குமே என்று நினைத்து விட்டுவிட்டேன். யாருக்கும் காட்டவில்லை. இந்தக் கட்டுரையோடும் போடப்போவதில்லை.

கடைசி நாள் விமானம் அதிகாலையில். நாலரை மணிக்கு வீட்டைப் பூட்டி, சாவியைப் பெட்டிக்குள் வைத்து எண்களைக் கலைத்துவிட்டேன். கார் வரும் இடத்துக்கு இரண்டு சந்து இறங்க வேண்டும். தெருவிளக்கு மஞ்சளாக எரிந்தது, ஒரு பூனைகூட இல்லை. சக்கரப் பெட்டியை இழுத்ததும் அந்தச் சின்னக் கற்களில் கடகடகடவென்று எழுந்த சத்தம் இருக்கிறதே, பகலில் இத்தனை நாள் எத்தனையோ பேர் இழுத்துக்கொண்டு போனதைக் கேட்டிருக்கிறேன், ஆனால் அது அப்படி இருக்கும் என்று நினைக்கவில்லை. இரண்டு சுவருக்கும் இடையே மோதி மோதி மேலே ஏறியது. பத்தடி போயிருப்போம். தலைக்குமேல் ஒரு ஜன்னலில் விளக்கு எரிந்தது.

நாங்கள் அப்படியே நின்றோம். மேலே நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அரை நிமிஷம் இருக்கும், விளக்கு அணைந்தது. தங்கை ஒன்றும் பேசாமல் தன் பெட்டியின் கைப்பிடியை உள்ளே தள்ளினாள். குனிந்து, ஒரு மூச்சில் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டு படி இறங்க ஆரம்பித்தாள். என் பெட்டி அவளுடையதைவிடக் கனம். மூன்றாவது முயற்சியில்தான் தலைக்கு ஏறியது.